நாவலைச் சும்மா கொடுத்தவர்கள்

2003 ஜனவரி 9ஆம் தேதி அமெரிக்கப் புத்தகக் கடைகளில் ஒரு புது நாவல் விற்பனைக்கு வந்தது. கனடாக்காரரான கோரி டாக்டரோவின் முதல் நாவல். ‘டவுன் அண்ட் அவுட் இன் தி மேஜிக் கிங்டம்’ என்று பெயர். வெளியிட்டது டார் புக்ஸ், அறிவியல் புனைகதைப் பதிப்பில் பெரிய கை. அதே நாளில் அந்த நாவல் முழுவதையும் ஒரு வரி குறைக்காமல் டாக்டரோ தன் இணையதளத்தில் ஏற்றிவிட்டார். வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளலாம், நண்பர்களுக்கு அனுப்பலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. படைப்பைப் பகிர்ந்துகொள்ள ஆசிரியரே முன்கூட்டி அனுமதி கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் அறிமுகமாகி அப்போது ஒரு மாதம்கூட முடியவில்லை. அந்த உரிமத்தோடு வெளிவந்த முதல் நாவல் அதுதான். அடுத்த ஆண்டு உரிமத்தை இன்னும் தளர்த்தி, வணிக நோக்கம் இல்லாதவரை கதையை மொழிபெயர்க்கவும் மாற்றி எழுதவும்கூட அனுமதித்தார்.

கதை நடப்பது பணமே ஒழிந்துபோன ஓர் எதிர்காலத்தில். அங்கே ஒருவருடைய சொத்து என்பது மற்றவர்கள் அவர்மேல் வைத்திருக்கும் மதிப்பு மட்டும்தான். நாவலுக்குள் எழுதிய பொருளாதாரத்தை நாவலை வெளியிடும் முறையிலேயே சோதித்துப் பார்த்தார் டாக்டரோ. முதலில் பெயர் வரட்டும், காசு பின்னால் வரும் என்பது அவர் கணக்கு. எழுத்தாளர்களைக் கொல்வது திருட்டுப் பிரதி இல்லை, அவர்கள் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போவதுதான் என்று டிம் ஓ’ரெய்லி என்ற பதிப்பாளர் 2002 இறுதியில் வாதிட்டிருந்தார். டாக்டரோ அதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் ஒரு நல்ல நாவலின் முதல் பதிப்பு 1,200 படி என்பது நெடுங்கால வழக்கம். அச்சுத் தொழில்நுட்பம் மாறிய பிறகு 200, 300 படி மட்டும் அடித்துப் பார்க்கும் பதிப்பகங்களும் வந்துவிட்டன. பத்தாண்டு உழைத்து எழுதியது பரணில் அட்டைப்பெட்டியில் கிடப்பதைவிட, காசு வராவிட்டாலும் நாலு பேர் கையில் போய்ச் சேரட்டும் என்று எழுதியவர் நினைப்பது இயல்பு. அந்த நினைப்பை நான் மதிக்கிறேன். இணையத்தில் நாவல்களைச் சும்மா கொடுத்தவர்களால் இலக்கியம் அடைந்த நன்மை பெரிது. ஆனால் அந்த நன்மையைப் பேசும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் விட்டுவிடுகிறோம். வாசகர் காசு கொடுக்காமல் படித்த நாவலுக்கு எந்தக் காலத்திலும் வேறு யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். அந்த வேறு யாரோ யார்?

தமிழ் அச்சு வரலாற்றில் இதற்கான விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது கையொப்பம் வாங்கினார். புத்தகம் வருவதற்கு முன்பே பணம் கட்டவோ கட்டுவதாக ஒப்புக்கொள்ளவோ முன்வந்த கனவான்கள்தான் அந்தப் பதிப்பைத் தாங்கினார்கள். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893இலிருந்து ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. அப்போது செலவை ஏற்றது இதழின் சந்தா. பிறகு வார இதழ்களின் காலம் வந்தது.

1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ வந்த மூன்றரை ஆண்டுகளில் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களைவிட இரவல் வாங்கிப் படித்தவர்களே பலமடங்கு இருந்திருப்பார்கள். ஒரு வீட்டுக்கு வந்த இதழ் தெரு முழுக்கச் சுற்றும். முடித்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, சாக்கு ஊசியால் தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்துவிடுவார்கள். அந்த பைண்டு வாடகை நூலகத்துக்குப் போகும், கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு போகும். அப்படி ஒரு பைண்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மணியம் வரைந்த குந்தவையைவிட என் கண்ணில் அதிகம் பட்டது பக்கத்தின் மறுபுறம். அத்தியாயம் முடிந்த இடத்தில் ஒரு சோப்பு விளம்பரம். அடுத்த வாரத்தில் கூந்தல் தைலம். அதற்கடுத்த வாரம் ஒரு பற்பொடி, கூடவே பாதி வெட்டுப்பட்ட ஒரு சிரிப்புத் துணுக்கு. பைண்டு செய்தவர் கதையை மட்டும்தான் வைத்துக்கொள்ள நினைத்திருக்கிறார். ஆனால் தாளுக்கு இரண்டு பக்கம். வந்தியத்தேவன் வீராணத்து ஏரிக்கரையில் குதிரையில் வந்ததற்கு ஒரு பங்குக் காசு யார் கொடுத்தது என்பது மறுபக்கத்திலேயே அச்சாகிப் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த விடை, அரசு கஜானா. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை வாங்கிப் பொதுவாக்க முடிவெடுத்தது. பாட்டுகளை இசைத்தட்டில் பதிக்கும் உரிமையை வைத்திருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார் அதைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். உயிரோடு இருந்தபோது தன் புத்தகங்களை லட்சக்கணக்கில் அச்சிட்டு, தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் போல வீடுதோறும் கொண்டுசேர்க்க 1920இல் திட்டம் தீட்டி, அதற்குக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பியவர் பாரதி. அந்தப் பணம் திரளவில்லை. அவர் நினைத்தது நடக்க அவர் செத்து இருபத்தெட்டு ஆண்டு ஆக வேண்டியிருந்தது, ஓர் அரசாங்கமும் வேண்டியிருந்தது. அதற்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ்நாட்டில் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. இப்படி ஓர் ஏற்பாடு தமிழுக்கு இருப்பது எனக்குப் பெருமை. ஆனால் நாட்டுடைமைக்காக அரசு கொடுக்கும் பரிவுத்தொகை பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது வாரிசுகளின் கைக்கு. காசநோயோடும் கடனோடும் 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்து இந்த நூற்றாண்டில்தான் நாட்டுடைமை ஆனது. சில எழுத்தாளர்களின் குடும்பத்தார் வேண்டாம் என்று மறுத்ததும் உண்டு. அது அவர்கள் உரிமை. மறுக்க முடிவதால்தான் ஒப்புக்கொள்வதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது.

டாக்டரோ செய்ததில் எது புதுசு என்பதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். புரவலர் இல்லை, விளம்பரக்காரர் இல்லை, அரசு இல்லை. உயிரோடு இருக்கும் நாவலாசிரியர் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

அவருக்கு முன்னால் அமெரிக்காவிலேயே இருவர் வேறு வேறு விதமாக முயன்றிருந்தார்கள். ஸ்டீஃபன் கிங் 2000 மார்ச்சில் ஒரு நெடுங்கதையை மின்னூலாக மட்டும், 2.50 டாலருக்கு வெளியிட்டார். முதல் நாளிலேயே சுமார் 4 லட்சம் படிகள் போயின. கூட்டம் சேர்ப்பதற்காகச் சில இணையக் கடைகள் அதைச் சும்மாவே கொடுத்தன. அந்த உற்சாகத்தில் ஜூலை மாதம் ‘தி பிளான்ட்’ என்ற நாவலைத் தன் இணையதளத்தில் பகுதி பகுதியாக விடத் தொடங்கினார். இறக்கிக்கொள்ளத் தடை இல்லை. தொடக்கத்தில் பகுதிக்கு ஒரு டாலரை மனசாட்சிப்படி கட்ட வேண்டும். இறக்கியவர்களில் 75 சதவீதம் பேர் கட்டினால் கதை தொடரும், இல்லாவிட்டால் நிற்கும். முதல் பகுதிக்கு முக்கால்வாசிப் பேர் கட்டினார்கள். போகப்போகப் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆறாவது பகுதியோடு அந்த ஆண்டு டிசம்பரில் நிறுத்தினார். கதை இன்றுவரை முடியவில்லை. அவர் கணக்குப்படி லாபம் சுமார் 4,63,000 டாலர். ஒரு தமிழ் எழுத்தாளர் ஏழு பிறவியில் பார்க்க முடியாத பணம்தான். ஆனாலும் அது தோல்வி என்றே பெயர் வாங்கியது. கிங் வாசகர்களின் நாணயத்தை நம்பினார். கூடவே அதை ஒவ்வொரு தவணையிலும் அளந்தும் பார்த்தார். அளக்கத் தொடங்கினால் கொடை வசூலாகிவிடுகிறது.

இன்னொருவர் எரிக் ஃபிளின்ட். பேன் புக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் எழுத்தாளர். திருட்டுப் பிரதி பற்றிய ஒரு வாக்குவாதத்தில், பூட்டு போடுவதால் பயனில்லை, திறந்து வைப்போம் என்று சொல்லி, தன் முதல் நாவலான ‘மதர் ஆஃப் டீமன்ஸ்’ஐ இலவசமாக வைத்தார். பதிப்பாளர் ஜிம் பேன் கூட நின்றார். அப்படிப் பிறந்ததுதான் பேன் இலவச நூலகம். எழுத்தாளர்கள் விரும்பினால் மட்டும் சேரலாம், ஒரு புத்தகம் கொடுத்தாலும் போதும். சும்மா கொடுத்த பிறகு அந்தப் பழைய நாவலின் அச்சு விற்பனை கூடியதைத் தன் ராயல்டிக் கணக்கை எடுத்துவைத்தே ஃபிளின்ட் எழுதிக் காட்டினார். அவர் நாவல்களைவிட அந்தக் கணக்கு நேர்மையான இலக்கிய ஆவணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எழுத்தாளர்கள் பொதுவாக வருமானத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இத்தாலியில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1999இல் ‘க்யூ’ என்ற பெருநாவல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் லூதர் பிளிசெட். அது மிலான் அணிக்கு ஒரு பருவம் ஆடிவிட்டுப் போன ஒரு கறுப்பின ஆங்கிலேயக் கால்பந்து வீரரின் பெயர். அந்தப் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுதியவர்கள் போலோன்யா நகரத்து இளைஞர்கள் நால்வர். கதை 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடக்கிறது. 1525இன் விவசாயிகள் போர், மூன்ஸ்டர் நகரத்தைக் கைப்பற்றிய அனபாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், ஊர் ஊராகப் பரவிய துண்டுப் பிரசுரங்கள், அதற்குப் பின்னால் அலையும் ஒற்றன் என்று அச்சுத்தாளின் பலத்தைப் பற்றிய நாவலும்கூட அது. புத்தகத்தின் தொடக்கத்திலேயே, வாசகர்கள் தம் சொந்த உபயோகத்துக்காகவும் வணிக நோக்கமில்லாமலும் இதைப் படியெடுத்துப் பரப்பலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் பிறப்பதற்கு மூன்றாண்டு முன்பே இது நடந்துவிட்டது. நாவல் இத்தாலியில் மட்டும் லட்சக்கணக்கில் விற்றது. அந்தக் குழு பிறகு வு மிங் என்ற பெயரில் எழுதிய நாவல்களையும் அப்படியே இணையத்தில் வைத்தது. இறக்கிப் படித்துப் பிடித்துப்போனவர்கள் யாருக்காவது பரிசளிக்க வேண்டும் என்றால் கடைக்குத்தான் போவார்கள் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் இந்தக் கதையின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். ‘க்யூ’வை அச்சிட்டது எய்னாவுதி. இத்தாலிய இடதுசாரி அறிவுலகத்தின் மதிப்புமிக்க பதிப்பகமான அது, அப்போது மொந்தாதோரி குழுமத்துக்குள் போயிருந்தது. மொந்தாதோரி யாருடையது என்றால் ஊடக முதலாளியும் அரசியல்வாதியுமான பெர்லுஸ்கோனியுடையது. உடைமையை எதிர்த்த நாவல், இத்தாலியின் மிகப் பெரிய உடைமைக்காரர்களில் ஒருவரின் காகிதத்திலும் மையிலும் அச்சானது. இதைச் சொல்லிக் காட்டிக் குழுவைத் தாக்கியவர்கள் இருந்தார்கள். நான் தாக்க மாட்டேன். மறுபக்கத்து சோப்பு விளம்பரம் இங்கே வேறு உருவத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2000களில் டாக்டரோவின் கணக்கு சரியாக வந்ததற்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. 300 பக்க நாவலைக் கணினித் திரையில் படிப்பது கண்ணுக்கு வேதனை. இருபது பக்கம் படிப்பார்கள், பிடித்தால் புத்தகம் வாங்குவார்கள். இணையக் கோப்பு ஒரு மாதிரிப் பொட்டலம், சரக்கு அச்சுப் புத்தகம். ரஷ்யாவில் எளிதில் கிடைக்காமலிருந்த தன் நாவலின் மொழிபெயர்ப்பு இணையத்தில் பரவியதும் அச்சு விற்பனை ஆயிரத்திலிருந்து பத்தாயிரம், லட்சம் என்று ஏறியதாக பாவ்லோ கொய்லோ 2008இல் சொன்னதும் இந்தக் காலத்துக் கதைதான். 2007 நவம்பரில் கிண்டில் வந்தது. பிறகு கைப்பேசித் திரை பெரிதானது. அதோடு கோப்பே புத்தகம் என்றாகிவிட்டது. மாதிரிக்கும் சரக்கிற்கும் வேறுபாடு அழிந்த பிறகு சும்மா கொடுப்பவர் உண்மையிலேயே சும்மா கொடுக்கிறார்.

ஆண்டி வியர் தன் ‘தி மார்ஷியன்’ நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் தளத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்தார். கிண்டிலில் படிக்க வசதியாகக் கொடுங்கள் என்று வாசகர்கள் கேட்டதும் அமேசானில் ஏற்றினார். அங்கே சும்மா வைக்க முடியாததால் குறைந்தபட்ச விலையான 99 சென்ட் போட்டார். தளத்தில் சும்மா இறக்கியவர்களைவிட அங்கே காசு கொடுத்து வாங்கியவர்கள் அதிகம் என்று அவரே சொன்னார். பிறகு பெரிய பதிப்பகம், 2015இல் ஹாலிவுட் படம். சும்மா கொடுத்தால் மட்டும் நாவல் பரவிவிடாது, கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதை வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. பாதை யாருடையதோ அவருக்குச் சுங்கம் கட்ட வேண்டியதுதான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தமிழ் எழுத்துருவுக்கே ஒரு பொதுத் தரம் இல்லாத நாட்கள் அவை. உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்த இரவுகளில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தார்கள், வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார். ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களையும் விசையில் அடித்து முடிப்பது என்றால் என்ன என்று ஒரு பத்து பக்கம் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2005இல் ஈழத்து இளைஞர்கள் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ஒரு நாவலை வருடி இணையத்தில் ஏற்றுவது என்பது பரப்புவதோடு முடிகிற வேலை இல்லை. அழியாமல் காப்பதும் அதுதான். உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்டுப் பெற்றே அங்கே நூல்கள் ஏறுகின்றன. 2013இல் பிறந்த ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளமோ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களை வாங்கி, கைப்பேசிக்கும் கிண்டிலுக்கும் ஏற்ற வடிவங்களில் தருகிறது. இந்த மூன்றிலும் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்கள் தூக்கம்தான் இங்கே விலை.

தமிழில் நாவலாசிரியர் ஒருவர் தன் கையால் கொடுத்த மிகப் பெரிய கொடை ‘வெண்முரசு’. 2014 ஜனவரி 1ஆம் தேதி ஜெயமோகன் தன் இணையதளத்தில் மகாபாரதத்தை நாவலாக எழுதத் தொடங்கினார். நாளுக்கு ஓர் அத்தியாயம். 2020 ஜூலையில் முடித்தபோது 26 நாவல்கள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அத்தனையும் கட்டணமின்றி இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இத்தனை நீளமான ஒரு தொடரை எந்த வார இதழும் தாங்கியிருக்காது. வாரம் ஓர் அத்தியாயம் என்று போனால் முப்பது நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆகவே இணையம் இதற்கு வெறும் கடைவாசல் இல்லை. இணையம் இல்லாவிட்டால் இந்த வடிவமே இல்லை. படைப்பைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், அன்றாடம் காலையில் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் தேனியிலும் இருந்தவர்கள் ஒரே அத்தியாயத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போன அந்த ஆறரை ஆண்டுகள், ‘கல்கி’ இதழுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்திருந்த காலத்துக்குப் பிறகு தமிழில் அபூர்வமானவை.

யார் கொடுத்த காசு என்ற கேள்வி இங்கும் உண்டு. தொலைபேசித் துறையில் நெடுங்காலம் ஊழியராக இருந்து, பிறகு சினிமாவுக்குத் திரைக்கதையும் வசனமும் எழுதியவர் ஜெயமோகன். மணி ரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படத்துக்கு வசனம் அவருடையதுதான். சினிமா கொடுத்த ஊதியம் நாவலைச் சும்மா கொடுக்கும் வசதியைக் கொடுத்தது. வாசகர்கள் முன்பணம் கட்டி வாங்கிய கெட்டி அட்டைப் பதிப்புகளும் அதற்குத் துணை நின்றன. உ.வே.சா.வின் கையொப்பக்காரர்கள் திரும்பி வந்த மாதிரி.

மகாபாரதத்தைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1883 முதல் 1896 வரை கல்கத்தாவில் பிரதாப சந்திர ராய் என்பவர் மகாபாரதத்தின் முழு ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பை வெளியிட்டார். புத்தகங்களைச் சும்மா கொடுப்பதற்கென்றே அவர் ஒரு காரியாலயம் வைத்திருந்தார். மன்னர்களிடமும் அதிகாரிகளிடமும் நன்கொடை திரட்டியே அது நடந்தது. வேலை முடிவதற்குள் ராய் இறந்துபோனார். அவர் மனைவி சுந்தரி பாலா முடித்துவைத்தார். வரி வரியாக மொழிபெயர்த்தவர் கிஸாரி மோகன் கங்குலி. அந்தப் பெயர் வெளியே தெரிந்தது கிட்டத்தட்ட வேலை முடியும் தறுவாயில்தான். அந்தக் கங்குலியின் மொழிபெயர்ப்பை 2013இல் தொடங்கி ஏழு ஆண்டுகளில் செ. அருட்செல்வப்பேரரசன் முழுதும் தமிழாக்கித் தன் தளத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைத்தார். சோற்றுக்கு வேறு தொழில் பார்த்துக்கொண்டே செய்த வேலை அது. அதற்கும் இதற்கும் 130 ஆண்டு இடைவெளி. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. கல்கத்தாவில் மன்னர்கள் கொடுத்ததைச் சென்னையில் மொழிபெயர்த்தவரே தன் இரவுகளிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

எனக்குக் கவலை இங்கேதான். புத்தகக் காட்சியில் ஒரு நாவலைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் ஏதாவது ஒரு டெலிகிராம் குழுவில் அந்தப் படம் வரும். கீழே ஒரே கேள்வி: பிடிஎஃப் இருக்கா? கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது திருட்டு என்ற எண்ணமே கிடையாது. சும்மா கொடுத்த எழுத்தாளர்களையும், கொடுக்காத எழுத்தாளர்களிடமிருந்து வருடி எடுத்ததையும் ஒரே தட்டில் வைத்துப் பழகிவிட்டார்கள். முதலாமவர்கள் மனமுவந்து செய்தது இரண்டாமவர்கள்மேல் கடமையாக ஏறிவிட்டது. அவர் சும்மா கொடுக்கிறாரே, உனக்கு என்ன என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். அரசு வேலையோ ஐடி வேலையோ சினிமா வருமானமோ இருப்பவர்களால் கொடுக்க முடியும். தீப்பெட்டித் தொழிற்சாலையிலோ பனியன் கம்பெனியிலோ கூலி வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பக்கம் எழுதி, ஆறு ஆண்டில் ஒரு நாவலை முடிக்கும் பெண்ணால் முடியாது. சும்மா கொடுப்பது வழக்கமாகிவிட்டால் நாவல் எழுதுவது வேறு வருமானம் உள்ளவர்களின் காரியமாகிவிடும். தமிழ் நாவலின் பெரும் சாதனைகள் பலவும் எந்த வீடுகளிலிருந்து வந்தன என்பதை நினைத்தால் இது சின்ன இழப்பு இல்லை.

வாசகர்களை மட்டும் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. டாக்டரோ 2008இல் ‘லிட்டில் பிரதர்’ நாவலைச் சும்மா கொடுத்தபோது, படித்துவிட்டுப் பணம் அனுப்ப விரும்பியவர்கள் வந்தார்கள். நேராக எனக்கு அனுப்பாதீர்கள், பதிப்பகத்துக்கு அதில் பங்கு போகாது என்றார். புத்தகம் வேண்டும் என்று கேட்டெழுதிய ஆசிரியர்கள், நூலகர்களின் பட்டியலைப் போட்டு, இவர்களில் ஒருவருக்கு ஒரு படி வாங்கி அனுப்புங்கள் என்றார். அனுப்பினார்கள். வாசகருக்கு வழி காட்டினால் கொடுப்பார் என்பதற்கு இது சாட்சி. தமிழ்ச் சிற்றூர்ப் பள்ளி நூலகங்களுக்கு இதையே செய்ய எந்தத் தடையும் இல்லை.

அதைவிடப் பெரிய வழி ஒன்று ஏற்கெனவே உலகில் இருக்கிறது. 1951இல் பிரிட்டிஷ் நாவலாசிரியர் ஜான் பிரோஃபி, பொதுநூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் போகும் ஒவ்வொரு முறையும் எழுதியவருக்கு ஒரு பென்னி போக வேண்டும் என்றார். டென்மார்க் அதற்கு முன்பே, 1946இல், நூலகத்தில் இருக்கும் நூல்களுக்காக எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஜானின் மகளும் நாவலாசிரியருமான பிரிஜிட் பிரோஃபி, மொரீன் டஃபி முதலான எழுத்தாளர்களோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் போராடி 1979இல் பிரிட்டனில் அதைச் சட்டமாக்க வைத்தார். முதல் காசோலைகள் 1984இல் வந்தன. வாசகர்கள் ஒரு காசும் கட்டுவதில்லை. பணம் அரசிடமிருந்து போகிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டுக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு இருப்பதால், நட்சத்திர எழுத்தாளர்கள் முழுவதையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. 2018 ஜூலையிலிருந்து நூலகங்கள் இணையவழி இரவல் கொடுக்கும் மின்னூல்களுக்கும் அங்கே இது பொருந்துகிறது.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் 1948இலேயே போட்டாகிவிட்டது. அந்த ஆண்டு வந்த பொதுநூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக வசூலாகிறது. வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கட்டுகிறார்கள், ரசீதில் இருக்கிறது. அந்த வரியின் ஒரு சிறு பங்கை எடுத்து, தன் நாவலைப் பொது மின்னூலகத்தில் சும்மா வைக்க ஒப்புக்கொள்ளும், உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களுக்குப் பதிவிறக்கக் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு முறை கொடுக்கலாம். உச்சவரம்பு வைக்கலாம். விருப்பமில்லாதவர்கள் சேர வேண்டாம், சேர்ந்தவர்கள் விலகிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். எழுத்தின் உரிமை எழுதியவரிடமே இருக்கட்டும். நாட்டுடைமைக்குத் தேவைப்படும் உரிமை மாற்றம்கூட இதற்குத் தேவையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களை இணையத்தில் வைத்திருக்கிறது, ஆகவே ஏற்றுவதற்கு இடமும் இருக்கிறது. செய்ய வேண்டியது ஓர் அரசாணையும், எழுத்தாளர்கள் தம் நூலைப் பதிவு செய்துகொள்ள ஒரு விண்ணப்பப் படிவமும்.